மெஷ்ஷை நுணுக்க நுணுக்க விடை மாறிக்கொண்டே போகிறதே, கிராஷ் சிமுலேஷனில் எதை நம்புவது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 60 மி.மீ. சதுரம், 1.5 மி.மீ. தடிமன், 300 மி.மீ. நீளமுள்ள ஒரு மைல்ட் ஸ்டீல் குழாய். ஒரு கனமான தட்டு விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வந்து அதை நீளவாக்கில் நசுக்குகிறது. இதை எல்எஸ்-டைனா என்ற சிமுலேஷன் மென்பொருளில் 10, 5, 2.5 மி.மீ. என்று மூன்று மெஷ்ஷில் ஓட்டியிருக்கிறீர்கள். மெஷ் என்பது குழாயை எலிமெண்ட் எனும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த வலை, அந்த எண்கள் கட்டத்தின் பக்க அளவு. 10 மி.மீ. மாடல் முரண்டு பிடிக்கிறது: விசை அதிகம், நசுங்கல் குறைவு. 5, 2.5 இரண்டும் ஓரளவு ஒத்துப்போனாலும் மடிப்பு விழும் இடம் வேறு வேறு. பிளாஸ்டிக் திரிபு (உலோகம் திரும்பாத அளவுக்கு உருமாறிய விகிதம்) 0.3-ஐத் தாண்டினால் எலிமெண்டை நீக்கிவிடு என்று, உலோகத்தின் குணங்களை எழுதும் மெட்டீரியல் கார்டில் சேர்த்ததும் 2.5 மி.மீ. மாடலில் மூலைகள் கிழிகின்றன, 10 மி.மீ. மாடலில் ஒரு எலிமெண்ட்கூடப் போகவில்லை. இன்னும் நுணுக்கினால் எங்காவது நிலைபெறுமா, எந்த அளவு சரி என்று கேட்கிறீர்கள்.

நுணுக்கினால் நிலைபெற வேண்டியது ஒன்று, தலைகீழாக நின்றாலும் நிலைபெறாதது ஒன்று, மெஷ்ஷுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஆடுவது ஒன்று. இந்த மூன்றும் உங்கள் கர்வ்களில் கலந்து கிடக்கின்றன. பிராக்கெட், பிரஷர் வெசல் மாதிரி வேலைகளில் மெஷ்ஷைப் பாதியாக்கிப் பார்த்து, தகைவு மாறவில்லை என்றால் முடிந்தது என்று பழகியிருப்போம். அந்தப் பழக்கத்தை அப்படியே கிராஷுக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான் குழம்பும்.

நிலைபெற வேண்டியதிலிருந்து தொடங்குவோம். அது மடிப்பு. மெல்லிய சுவருள்ள சதுரக் குழாய் நசுங்கும்போது மடிப்பு எவ்வளவு நீளத்துக்கு விழும் என்பதைக் கையாலேயே கணக்கிடலாம். 1983-இல் வியர்ஸ்பிக்கி, அப்ரமோவிச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கொடுத்த வழி இது: சுவர் அகலத்தின் வர்க்கத்தைத் தடிமனால் பெருக்கி, கனமூலம் எடுத்து, 0.983-ஆல் பெருக்கினால் அரை மடிப்பின் நீளம். உங்கள் குழாய்க்கு 60-இன் வர்க்கம் 3600, அதை 1.5-ஆல் பெருக்கினால் 5400, கனமூலம் 17.5. ஆக அரை மடிப்பு 17 மி.மீ. சொச்சம், முழு மடிப்பு 34 மி.மீ. சொச்சம். மூலையை ஒட்டி உலோகம் உருண்டு வளையும் ஆரத்துக்கும் இதேபோல் ஒரு சூத்திரம் உண்டு: தடிமனின் வர்க்கத்தை அகலத்தால் பெருக்கி, கனமூலத்தை 0.72-ஆல் பெருக்க வேண்டும். உங்களுக்கு அது 3.7 மி.மீ.

இப்போது உங்கள் மூன்று மெஷ்ஷையும் இதன்மேல் வைத்துப் பாருங்கள். 10 மி.மீ. என்றால் ஒரு முழு மடிப்புக்கு மூன்றரை எலிமெண்ட். 5 என்றால் ஏழு. 2.5 என்றால் பதினாலு. ஷெல் எலிமெண்ட் என்பது தகட்டை ஒரு மெல்லிய பரப்பாக எடுத்துக்கொள்ளும் கட்டம். நாலு நோட் (மூலைப் புள்ளி) கொண்ட அது தனக்குள்ளேயே மடியாது. மடிப்பு எலிமெண்டுக்கும் எலிமெண்டுக்கும் இடையில்தான் விழ வேண்டும். கோரைப்பாயைச் சுருட்டலாம், நாலு பலகையைக் கீல் போட்டுச் சேர்த்ததைச் சுருட்டினால் பெட்டிதான் வரும். 10 மி.மீ. மாடலில் பிளாஸ்டிக் கீல், அதாவது உலோகம் நிரந்தரமாக வளையும் பட்டை, இயல்பான அகலத்தில் விழ இடமில்லை. அதனால் குழாய் தன் வசதிக்கு நீளமான, எண்ணிக்கையில் குறைந்த மடிப்புகளைத் தேர்ந்தெடுக்கிறது, அதற்கு அதிக விசை கேட்கிறது. நீங்கள் பார்த்த முரண்டு இதுதான். அந்த ரன்னை ஒப்பீட்டுக்குக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு முழு மடிப்புக்கு எட்டு எலிமெண்டுக்குக் குறையக் கூடாது, பத்து இருந்தால் நிம்மதி என்பது என் கணக்கு. உங்கள் குழாய்க்கு அது மூன்றரை முதல் நாலு மி.மீ. 5 மி.மீ. விளிம்பில் நிற்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, சரியான மெஷ் அளவு என்று பொதுவாக ஒரு எண் கிடையாது என்பது. அதே 5 மி.மீ. மெஷ், 120 மி.மீ. அகலமும் 2.5 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு பெரிய லாங்கிட்யூடினலுக்கு (காரின் நீளவாக்கில் ஓடும் உத்திரம்) தாராளம். அங்கே முழு மடிப்பு 65 மி.மீ. பக்கம் வரும். பம்பருக்குப் பின்னால் நசுங்குவதற்கென்றே வைக்கும் ஒரு சின்ன கிராஷ் பாக்ஸுக்கு அதே 5 போதாது. கம்பெனி மெஷிங் கைடில் '5 மி.மீ.' என்று எழுதியிருப்பது ஒரு சராசரி சமரசம், அவ்வளவுதான்.

மூலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த 1983 பகுப்பாய்வில் மடிப்பு உறிஞ்சும் ஆற்றல் மூன்று வழியாகப் போகிறது: மூலையில் உலோகம் டோனட் வடிவத்தில் இழுபட்டுப் பாய்வது, சுவரின் குறுக்கே நிலையாக நிற்கும் கீல்கள், மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி நகர்ந்துகொண்டே போகும் கீல்கள். விசை மிகக் குறைவாக வரும் வடிவத்தைக் கண்டுபிடிக்க வகைக்கெழு எடுத்துப் பாருங்கள், மூன்றும் சரிசமமாக வந்து நிற்கும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் மூலையைச் சார்ந்தது. சுவரின் நடுவில் மெஷ் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் மன்னிக்கும், மூலையில் மன்னிக்காது. நகரும் கீல் ஒவ்வொரு எலிமெண்ட் வரிசையாகத் தாவித் தாவித்தான் போக முடியும் என்பதால், பெரிய மெஷ்ஷில் விசை கர்வ் ரம்பப்பல் மாதிரி குதிக்கும். மூலை ஆரத்தை மாடல் செய்யாமல் கூர்முனையாக விட்டிருந்தால் அதையும் திருத்துங்கள். வளைவுக்குக் குறைந்தது இரண்டு எலிமெண்டாவது தேவை.

சரி, அப்படியானால் 1 மி.மீ. வரை போய்விடலாமே? இரண்டு காரணத்துக்காக வேண்டாம். ஷெல் கோட்பாடு தடிமனைவிட நீள அகலம் பெரிது என்ற அனுமானத்தில் நிற்கிறது. எலிமெண்ட் பக்கம் 1.5 மி.மீ.க்குக் கீழே போனால், கணினி உங்களுக்குப் புதிதாக எந்த உண்மையையும் சொல்லப்போவதில்லை. தடிமன் வழியாக நடப்பதை ஷெல் எப்படியும் காட்டாது. அடுத்தது செலவு. எக்ஸ்ப்ளிசிட் சால்வர், அதாவது நேரத்தைச் சின்னச் சின்னப் படிகளாக நகர்த்திக் கணக்கிடும் நிரலில், அந்தப் படி (டைம் ஸ்டெப்) என்பது ஒலி அலை மிகச் சிறிய எலிமெண்டைக் கடக்கும் நேரம். எஃகுத் தகட்டில் அலை வேகம் விநாடிக்குச் சுமார் 5,400 மீட்டர். 5 மி.மீ. எலிமெண்டுக்கு 0.9 மைக்ரோவிநாடி, 2.5-க்கு அதில் பாதி. மெஷ்ஷைப் பாதியாக்கினால் எலிமெண்ட் எண்ணிக்கை நாலு மடங்கு, ஸ்டெப் எண்ணிக்கை இரண்டு மடங்கு, மொத்தம் எட்டு மடங்கு. சாலிட் எலிமெண்டாக இருந்தால் பதினாறு. ஒற்றைக் குழாய்க்கு இது பொருட்டில்லை, முழுக் காருக்குப் பொருட்டு. டைம் ஸ்டெப்பைத் தூக்கிவிட மாஸ் ஸ்கேலிங் போடுவது, அதாவது சிறிய எலிமெண்ட்களுக்குச் செயற்கையாக எடை கூட்டுவது, வழக்கம்தான். ஆனால் மெஷ் ஒப்பீட்டில் அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 2.5 மி.மீ. மாடலில் மட்டும் மூலை கனமாகி, அந்த எடையின் ஜடத்துவம் மெஷ்ஷின் குணமாகத் தெரியும்.

எலிமெண்ட் வகையும் இங்கே குறுக்கே வரும். எல்எஸ்-டைனாவில் நெடுங்காலமாக இயல்புநிலையில் இருப்பது பெலிட்ச்கோ-ட்சே ஷெல். வேகமானது, பரப்பின் நடுவில் ஒரே ஒரு இன்டெக்ரேஷன் புள்ளி (தகைவைக் கணக்கிடும் இடம்). அந்த ஒற்றைப் புள்ளிக்குத் தெரியாமல் எலிமெண்ட் நெளியும்போது ஹவர்கிளாஸ் கட்டுப்பாடு ஒரு செயற்கை விறைப்பைக் கொடுத்து அதை அடக்குகிறது. மடிப்பு உச்சியில் மெஷ் பெரிதாக இருந்தால் இந்தச் செயற்கை ஆற்றல் ஏறும். மொத்தத்தைப் பார்த்து, உள் ஆற்றலில் 5 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள்; நசுங்கும் பாகத்துக்கு மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். முழு இன்டெக்ரேஷன் உள்ள 16-ஆம் வகையில் ஒருமுறை ஓட்டி, அதற்கும் இதற்கும் விசை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். தடிமன் வழியாக ஐந்து புள்ளியாவது கொடுங்கள். இரண்டு புள்ளி போட்டுவிட்டு மெஷ்ஷைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. வேகமாக உருமாறும்போது எஃகு எவ்வளவு வலுவாகிறது என்று சொல்லும் கௌப்பர்-சைமண்ட்ஸ் மாறிலிகளாக உங்கள் கார்டில் 40-உம் 5-உம் இருக்கும் என்று ஊகிக்கிறேன், மைல்ட் ஸ்டீலுக்கு எல்லோரும் போடுவது அதுதான். சூத்திரப்படி 300 மெகாபாஸ்கல் பாய்வுத் தகைவுக்கு உங்கள் குழாயின் நிலையான சராசரி நசுங்கு விசை சுமார் 30 கிலோநியூட்டன் வரும். இது மெதுவாக அழுத்தும்போது. 1984-இல் அப்ரமோவிச்சும் ஜோன்ஸும் வேகத்துக்கான திருத்தத்தைக் கொடுத்தார்கள்: மோதும் வேகத்தைச் சுவர் அகலத்தால் வகுத்து 0.33-ஆல் பெருக்கினால் சராசரி திரிபு வேகம். உங்களுக்கு விநாடிக்கு 80 சொச்சம். 40-உம் 5-உம் போட்டால் விசை 2.15 மடங்காகிறது. ஆனால் அந்த மாறிலிகள் எஃகு பாயத் தொடங்கும் புள்ளிக்கானவை. மடிப்பில் உலோகம் பெரிய திரிபுக்குப் போய்விடுகிறது, அங்கே வேகத்தின் தாக்கம் குறைவு. அதைக் கருதி அவர்கள் எடுத்துக்கொண்டது 6844-உம் 3.91-உம், அதைப் போட்டால் 1.32 மடங்கு. ஒன்று 65 கிலோநியூட்டன், இன்னொன்று 40. உங்கள் 5-க்கும் 2.5-க்கும் இடையில் உள்ள வித்தியாசம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. மெஷ்ஷோடு மல்லுக்கட்டும் முன் இதைச் சரிபாருங்கள்.

இதிலும் மெஷ்ஷின் கை உண்டு. சிறிய எலிமெண்ட் மடிப்பு உச்சியில் நடக்கும் உண்மையான வேகத்தைப் பார்க்கிறது, பெரியது அதைச் சராசரியாக்கிக் குறைத்துப் பார்க்கிறது. போதாக்குறைக்கு, மொத்தத் திரிபின் வேகத்தை நேரடியாக எடுத்துக்கொள்ளும் பழைய முறையில் எலிமெண்ட் அதிர்வின் இரைச்சல் எல்லாம் வலுவாக மாறிவிடும். மெஷ் நுணுங்க நுணுங்க இந்த இரைச்சல் ஏறும். பிளாஸ்டிக் திரிபின் வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் விஸ்கோபிளாஸ்டிக் வழிக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி, நிலைபெறாததற்கு வருவோம்: கிழிவு. இங்கேதான் பலருக்குக் கையைக் கடிக்கும்.

0.3 என்ற எண் எங்கிருந்து வந்தது? இழுவைச் சோதனையின் நீட்சி சதவீதத்திலிருந்துதான் இருக்க வேண்டும். அந்தச் சோதனையில் 50 மி.மீ. நீளத்துக்குக் குறிபோட்டு, உடைந்த பிறகு எவ்வளவு நீண்டது என்று அளக்கிறார்கள். அதே மாதிரித்துண்டில் 80 மி.மீ.க்குக் குறிபோட்டிருந்தால் எண் குறைந்திருக்கும். பார்பா என்பவர் 1880-லேயே சொல்லிவிட்ட விஷயம் இது. நெக்கிங் (ஓரிடத்தில் மட்டும் கழுத்துப்போல் மெலிவது) தொடங்கும்வரை துண்டு முழுக்கச் சமமாக நீள்கிறது. அதன் பிறகு நீட்சி எல்லாம் ஒரு சின்னப் பட்டைக்குள் போய்ச் சேர்கிறது, தகட்டில் அந்தப் பட்டையின் அகலம் கிட்டத்தட்டத் தடிமன் அளவு. ஆக 'உடையும் திரிபு' என்பது எந்த நீளத்தில் அளந்தோம் என்று சொல்லாமல் அர்த்தமில்லாத ஒன்று. எலிமெண்டும் ஓர் அளவு நீளம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெக்கிங் பட்டை 1.5 மி.மீ. அகலம், அதற்குள் உடையும்போது திரிபு 0.8, வெளியே 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5 மி.மீ. எலிமெண்ட் பட்டைக்குள் அப்படியே உட்கார்ந்தால் 0.8-இல் உடைய வேண்டும். 5 மி.மீ. எலிமெண்ட் பட்டையையும் அதற்குப் பக்கத்தில் உள்ள மூன்றரை மி.மீ.யையும் சேர்த்துச் சராசரி எடுக்கும்: தோராயமாக 0.38. 10 மி.மீ. எலிமெண்டுக்கு 0.29. ஒரே எஃகு, ஒரே உடைவு, மூன்று வரம்பு. இப்போது எல்லா மெஷ்ஷுக்கும் 0.3 கொடுத்தால், அது 10 மி.மீ.க்கு மட்டும் ஏறக்குறையப் பொருந்துகிறது. 2.5 மி.மீ.க்கு உலோகத்தைப் பாதி வழியிலேயே கொன்றுவிடுகிறது.

உங்கள் மூலைகள் கிழிந்ததற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 90 டிகிரி வளைவை ஒரே 10 மி.மீ. எலிமெண்டின் நீளத்தில் பரப்பினால் வளைவு ஆரம் 6.4 மி.மீ., வெளி இழையின் திரிபு 0.12. அதே வளைவு உண்மையான 3.7 மி.மீ. ஆரத்தில் நடந்தால் 0.2. மடிப்பு முழுக்க இறுகும்போதும், மூலையில் இழுவை சேரும்போதும் இது இன்னும் ஏறும். அதாவது சிறிய மெஷ் அதிகத் திரிபைச் சரியாகவே கண்டுபிடிக்கிறது. தவறு, அதற்குப் பெரிய மெஷ்ஷுக்கான வரம்பைக் கொடுத்தது. நல்ல மைல்ட் ஸ்டீல் இப்படி மடியும்போது கிழியாமல் சமாளிக்கும். ஆகவே உங்கள் 2.5 மி.மீ. மாடலில் தெரியும் கிழிவு கார்டு உண்டாக்கியது.

கப்பல் மோதல் கணக்குப் போடுபவர்கள் இதை ரொம்ப காலமாக வெளிப்படையாகக் கையாள்கிறார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை, கப்பல் பக்கச் சுவரை 5 மி.மீ.யில் மெஷ் செய்ய முடியாது. கப்பல்களுக்குத் தரச்சான்று தந்துவந்த ஜெர்மானிஷர் லாய்ட் பெயரில் புழங்கும் வரம்பில், ஷெல்லுக்கு 0.056-உடன், தடிமனை எலிமெண்ட் நீளத்தால் வகுத்து 0.54-ஆல் பெருக்கியதைக் கூட்டுகிறார்கள். 10 மி.மீ. தகட்டை 50 மி.மீ. எலிமெண்டில் மெஷ் செய்தால் வரம்பு 0.16, 10 மி.மீ. எலிமெண்டில் 0.6. கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம், உலோகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

கார் உலகில் இதே வேலையைக் கிஸ்மோ செய்கிறது. கார் நிறுவனமான டைம்லரும் சிமுலேஷன் நிறுவனமான டைனாமோரும் சேர்ந்து உருவாக்கிய சேத மாதிரி இது. அரை மி.மீ. மாதிரி நுண்மெஷ்ஷில் ஷியர் (வெட்டுவிசை), நாட்ச் (வெட்டுக்குழி போட்ட துண்டு), இழுவை, பன்ச் சோதனைகளுக்கெல்லாம் பொருத்திவிட்டு, பிறகு அதே இழுவைத்துண்டைப் பெரிய பெரிய மெஷ்ஷில் ஓட்டி, ஒவ்வோர் எலிமெண்ட் அளவுக்கும் வரம்பை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று ஒரு கர்வ் தயார்செய்கிறார்கள். சால்வர் ஒவ்வோர் எலிமெண்டின் அளவையும் பார்த்துத் தானே அந்தக் கர்வில் எண்ணை எடுத்துக்கொள்ளும். இங்கே ஒரு நுணுக்கம்: இந்தத் திருத்தம் இழுவையில் தேவைப்படும் அளவுக்கு ஷியரில் தேவைப்படாது, ஏனென்றால் அங்கே அந்த மாதிரி நெக்கிங் விழுவதில்லை. அதற்காகவே ஷியருக்கும் இருதிசை இழுவைக்கும் தனித்தனிக் குறைப்பு எண்கள் உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் பெரிய எலிமெண்ட் ஷியரில் அநியாயத்துக்குச் சீக்கிரம் போய்விடும். வளைவும் அப்படித்தான். சுத்தமான வளைவில் கழுத்து விழாது, ஆகவே இழுவைக்குத் தயாரித்த திருத்தக் கர்வை மடிப்பு உச்சியில் போட்டால் அதிகப்படியாகத் தண்டித்துவிடும். அலுமினியம் எக்ஸ்ட்ரூஷனிலும் 1500 மெகாபாஸ்கல் ஹாட் ஸ்டாம்பிங் எஃகிலும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு விட முடியாது. அவை மடிப்பில் உண்மையாகவே கிழியக்கூடியவை.

ஏன் இது தானாக நிலைபெறாது என்றால், உலோகம் மென்மையாகத் தொடங்கியதும் உருமாற்றம் முழுவதும் ஒரே ஒரு எலிமெண்ட் வரிசைக்குள் போய் அடைகிறது. அந்த வரிசையின் அகலத்தை நிர்ணயிப்பது உலோகமல்ல, நீங்கள். வரிசை மெலிய மெலிய அதில் செலவாகும் ஆற்றலும் குறைந்துகொண்டே பூச்சியத்தை நோக்கிப் போகும். எவ்வளவு நுணுக்கினாலும் அடிமட்டம் கிடையாது. மேலே சொன்ன மாதிரி அளவுக்கேற்ப வரம்பை மாற்றலாம், அல்லது பக்கத்து எலிமெண்ட்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும் நான்லோக்கல் வழிக்குப் போகலாம். எந்த வழியில் போனாலும், கிழிவு உள்ள மாடலில் மெஷ் அளவு என்பது மெட்டீரியல் கார்டின் ஒரு பகுதி. 5 மி.மீ.க்குத் தயாரித்த கார்டைக் கேட்காமல் 3 மி.மீ. மாடலில் ஏற்றுவது, இழுவலிமையைக் கேட்காமல் மாற்றுவதற்குச் சமம்.

மூன்றாவது, மடிப்பு விழும் இடம். இதற்கு உங்கள் குழாயே ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. சுவர் அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் 40.8-ஐத் தாண்டினால் சமச்சீர் மடிப்பு, 7.5-க்கும் 40.8-க்கும் இடையில் சமச்சீரற்ற கலப்பு மடிப்பு என்று அப்ரமோவிச்-ஜோன்ஸ் பகுத்தார்கள். உங்கள் விகிதம் 60-ஐ 1.5-ஆல் வகுத்தால் 40. கிட்டத்தட்ட எல்லைக்கோட்டிலேயே நிற்கிறீர்கள். இரண்டு வகை மடிப்புக்கும் தேவையான ஆற்றலில் பெரிய வித்தியாசம் இல்லாத இடம் இது. குழாய் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஒரு தூசி முடிவுசெய்யும். அந்தத் தூசி, மெஷ் வரிசை எங்கே விழுந்தது என்பதாகவும் இருக்கலாம், தசமத்தின் கடைசி இலக்கமாகவும் இருக்கலாம்.

சந்தேகமிருந்தால் அதே 5 மி.மீ. மாடலை ஒன்றையும் தொடாமல், கணினியில் பயன்படுத்தும் கோர்களின் (பிராசஸர் அலகுகள்) எண்ணிக்கையை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். மாடலைப் பிரிக்கும் விதம் மாறினால் கூட்டல் வரிசை மாறும், கடைசி இலக்கங்கள் மாறும், பக்ளிங் (அழுத்தத்தில் சுவர் திடீரென நெளிவது) அதை ஊதிப் பெருக்கும். முழுக் கார் மாடல்களில் இந்தச் சிதறல் எந்த இடத்தில், எந்த நேரத்தில் பிறக்கிறது என்று தேடுவதற்காகவே ஃபிரான்ஹோஃபர் எஸ்.சி.ஏ.ஐ. நிறுவனம் டிஃப்கிராஷ் என்ற மென்பொருளை உருவாக்கியது. ஒரே மெஷ்ஷில் இப்படி வரும் சிதறலைத் தெரிந்துகொள்ளாமல், 5-க்கும் 2.5-க்கும் உள்ள வித்தியாசத்தை மெஷ் உணர்திறன் என்று சொல்வதற்கில்லை. சிதறல் பட்டைக்குள் இருக்கும் வித்தியாசத்தை மெஷ்ஷின் கணக்கில் எழுதவே கூடாது.

இதற்கு மருந்து நுணுக்குவது அல்ல, தூசியை நீங்களே போடுவது. மேல் முனைக்குப் பக்கத்தில் ஒரு டிரிக்கர் பீட் (மடிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு பள்ளம்) கொடுங்கள், உண்மையான கிராஷ் பாக்ஸிலும் அதற்காகத்தான் அது இருக்கிறது. அல்லது லீனியர் பக்ளிங் வடிவத்தைத் தடிமனில் ஒரு சின்னப் பின்னமாக எல்லா மெஷ்ஷிலும் ஒரே வடிவத்தில் ஏற்றுங்கள். பிழையே இல்லாத கச்சிதமான சதுர மெஷ்தான் எல்லாவற்றிலும் மோசம்: முதல் உச்ச விசை அநியாயத்துக்கு ஏறி, மடிப்பு எங்கே தொடங்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும்.

எதை ஒப்பிடுவது என்பதும் முக்கியம். முதல் உச்ச விசையை வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள். அது குறைபாட்டுக்கும், வெளியீட்டு இடைவெளிக்கும், ஃபில்டருக்கும் ஆடும். எல்லா ரன்னிலும் ஒரே இடைவெளியில் எழுதி, ஒரே ஃபில்டரில், உதாரணமாக கிராஷ் சோதனைகளில் புழங்கும் சி.எஃப்.சி. 60-இல் போட்டுப் பாருங்கள். நான் பார்ப்பது, குறிப்பிட்ட ஒரு நசுங்கல் தூரம்வரை உறிஞ்சிய ஆற்றல், அதைத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் சராசரி விசை, பிறகு மடிப்புகளின் எண்ணிக்கை. இந்த மூன்றும் நிலைபெற்றால் மெஷ் போதும். ஓர் எலிமெண்டின் அதிகபட்சத் திரிபு நிலைபெறும் என்று காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்போது காண்டாக்டும் (பரப்புகள் தொட்டுக்கொள்வதன் கணக்கு) மெஷ்ஷோடு மாறும், ஏனென்றால் ஒன்றுக்குள் ஒன்று நுழையாமல் தள்ளும் பெனால்ட்டி விறைப்பு எலிமெண்ட் அளவைப் பார்த்து வருகிறது. ஊடுருவல் இருக்கிறதா, காண்டாக்ட் ஆற்றல் எதிர்மறையாகப் போகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

இதெல்லாம் முழுக் காருக்குப் போகும்போது வேறு விதமாகச் சிக்கும். 1986 வாக்கில் பாம்-கிராஷ் என்ற மென்பொருளில் ஃபோக்ஸ்வாகன் போலோவை 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதவிட்டபோது மாடலில் ஐயாயிரத்துச் சொச்சம் ஷெல்தான். ஒரே இரவில் ஓடி முடிந்ததே அப்போது பெரிய சாதனை. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த தேசிய கிராஷ் பகுப்பாய்வு மையம் தயாரித்த 2010 டொயோட்டா யாரிஸ் மாடலில் சுமார் 15 லட்சம் எலிமெண்ட். இத்தனை வளர்ந்தும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி மெஷ் ஆய்வு செய்வதில்லை, செய்யவும் முடியாது. அதனால் முன்பக்க லாங்கிட்யூடினல், கிராஷ் பாக்ஸ், பி-பில்லர் (முன், பின் கதவுகளுக்கு நடுவே உள்ள தூண்) அடி என்று நாலைந்து இடங்களுக்கு மட்டும் மேலே சொன்ன மடிப்பு நீளக் கணக்கைப் போட்டு, தேவைப்பட்டால் அங்கே மட்டும் 3 மி.மீ.க்கு இறங்கலாம். ஸ்பாட் வெல்ட் ஓடும் ஃபிளேஞ்சில் (தகட்டின் மடித்த விளிம்பு) குறைந்தது இரண்டு எலிமெண்ட் வரிசையாவது இருக்கட்டும். முக்கோண எலிமெண்ட்கள் விறைப்பானவை, மடிப்பு விழ வேண்டிய பாதையில் அவற்றைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். சென்னையில் மெஷிங் டீமில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், குவாலிட்டி ரிப்போர்ட் முழுக்கப் பச்சையாக வந்தாலும் முக்கோணங்கள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று அந்த ரிப்போர்ட் சொல்லாது.

உங்கள் குழாய்க்கு என்ன செய்யலாம் என்றால், 10 மி.மீ. ரன்னைத் தூக்கிப் போடுங்கள். நடுவில் 3.5 மி.மீ. மெஷ் ஒன்று சேர்த்து 5, 3.5, 2.5 என்று மூன்றாக வையுங்கள். மூன்றிலும் ஒரே டிரிக்கர், மாஸ் ஸ்கேலிங் இல்லை, எலிமெண்ட் நீக்கம் இல்லை, விஸ்கோபிளாஸ்டிக் திரிபு வேகம். 5 மி.மீ.யை மட்டும் வேறு வேறு கோர் எண்ணிக்கையில் சில முறை ஓட்டி, சராசரி விசை எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கையால் போட்ட 40 கிலோநியூட்டனை உங்கள் பாய்வுத் தகைவுக்கேற்பத் திருத்திப் பக்கத்தில் வையுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் மெஷ்ஷைத் தொடாமல் மெட்டீரியல் கார்டைத் திறந்து பாருங்கள். 3.5-உம் 2.5-உம் சிதறல் பட்டைக்குள் ஒன்றாக வந்தால் 3.5-ஐ எடுத்துக்கொள்ளலாம். கிழிவு வேண்டுமென்றால், அந்த 3.5-க்கே இழுவைத்துண்டை மெஷ் செய்து, சோதனையில் உடைந்த நீட்சியில் சிமுலேஷனும் உடைகிற மாதிரி வரம்பைப் பொருத்தி, அதற்குப் பிறகு குழாயில் ஏற்றுங்கள். அந்த எண் 0.3-ஆக இருக்காது.